வலை போடாத ஜன்னல்

மகனும் மருமகளும் பதினொரு மாதம் கழித்து ஊருக்கு வருகிறார்கள் என்று புதன்கிழமை தெரிந்தது. நான் முதலில் செய்த காரியம், மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குப் போய்க் கொசுவலை வாங்கியதுதான். கட்டிலுக்கு மேல் கட்டும் வலை இல்லை. ஜன்னல் சட்டத்தில் ஒட்டுகிற வலை, கூடவே நான்கு ஓரத்துக்கும் ஒட்டுப்பட்டை. கடைக்காரர் எத்தனை ஜன்னல் என்று கேட்டார். ஐந்து என்றேன். அளவு கேட்டார். அளவெடுக்காமல் கடைக்குப் போகிற ஆள் நான் இல்லை. பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன்.

கொசுவுக்கும் அவர்கள் வருகைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. சென்னையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. போன புரட்டாசியில் என் வீட்டுக்காரரின் தம்பி வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மருமகளும் வந்திருந்தாள். மூன்று பெண்கள் அடுத்தடுத்து அவளிடம் வந்து விசாரித்தார்கள். நான்காவதாக ஒருத்தி பேச்சு ஏதும் இல்லாமல், தொட்டிலில் இருந்த குழந்தையைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டாள். அப்படிப் போட்டால் சீக்கிரம் கரு தங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்றைக்கு மத்தியானப் பேருந்திலேயே கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு தீபாவளிக்குக் கூப்பிட்டேன், பொங்கலுக்குக் கூப்பிட்டேன், ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் மகன் போனில் ஒரே பதிலைச் சொன்னான்: அங்கே கொசு ஜாஸ்தி, அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கா தெரியாது? கொசு ஒரு சாக்கு. ஆனால் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. மனசில் இருப்பதற்கு எங்கே போய் வலை வாங்குவது? கொசுவென்றால் வாங்கிவிடலாம். இந்த இரண்டு நாளும் அவள் முகம் வாடாமல் இருந்துவிட்டுப் போனால் போதும், மறுபடி வருவாள் என்று கணக்குப் போட்டேன். வராமலே போய்விட்டால் மகனும் மெல்ல மெல்ல நின்றுவிடுவான் என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தைத் தாண்டி, அணைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. முன்பக்கம் சாலை, பின்பக்கம் கொஞ்சம் தோட்டம், அதற்கப்புறம் எங்கள் கரும்பு. தோட்டம் என்று நான் சொல்வதே மரியாதைக்குத்தான். கொய்யா ஒன்று, சீத்தா இரண்டு, முருங்கை, வாழை, நாலைந்து பூச்செடி, ஒரு சிமெண்ட் தொட்டி. மலையில் மழை பெய்தால் அடுத்த வாரம் எங்கள் தோட்டத்தில் யார் யாரோ குடியேறியிருப்பார்கள். விவசாயம் பார்ப்பதால் வீட்டுக்காரர் எந்நேரமும் வீட்டில் இருப்பவர். ஆனால் அவரால் ஒரு ஆணியைக் கூட முழுதாக அடித்துமுடிக்க முடியாது. பாதியில் ஏதாவது ஒரு பிராணி குறுக்கே வரும், அவர் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குள் முடிக்க மூன்று வேலை. ஐந்து ஜன்னலுக்கும் வலை ஒட்டுவது, தொட்டிக் குழாயின் ஒழுக்கை நிறுத்துவது, துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது. குழாய் வேலை அவருக்கு. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, முடியாது என்றார். குழாய்க்குக் கீழே சொட்டுகிற ஈரத்தில் ஒரு தேரை குடியிருக்கிறதாம். ஒழுக்கை நிறுத்திவிட்டால் அது எங்கே போகும் என்று கேட்டார். தேரைக்காகத் தண்ணீர் வரியா கட்டுகிறோம் என்று நான் கேட்டேன். அவர் மோட்டார் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதற்குள் அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்தது. மெயினை அணைத்துவிட்டு அதைச் சுத்தம் செய்யப் போனவர், உள்ளே கண் திறக்காத குட்டிகள் மூன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியை மெல்ல மூடிவிட்டு வந்திருக்கிறார். அணில் குட்டி பெரிதாகும்வரை மோட்டாரைத் தொடக்கூடாது, வாய்க்கால் தண்ணீரே போதும் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பு இப்படி நின்றால் யார் மேசையில் நிற்கிறது என்று எழுதிவைப்பேன். வீட்டில் எழுதிவைத்து என்ன பயன், எல்லாம் ஒரே மேசையில்தான் நிற்கிறது. பேசாமல் நானே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னல் சட்டங்களைத் துடைத்து, பட்டையை ஒட்டி, வலையை அழுத்த ஆரம்பித்தேன். கூடத்து ஜன்னல் இரண்டு, சமையலறை ஜன்னல் ஒன்று, எங்கள் அறை ஜன்னல் ஒன்று என்று பத்து மணிக்குள் நான்கு முடிந்தன. வலை விறைப்பாக நின்றது. ஒரு வேலையை நானே முடித்தால் எனக்கு வருகிற கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஐந்தாவது ஜன்னலுக்கும் வலையை வெட்டி, பட்டை ஒட்டித் தயாராக எடுத்துக்கொண்டு, அவர்கள் படுக்கப்போகிற வடக்கு அறைக்குப் போனேன்.

ஜன்னல் சட்டத்தின் உட்புறம், மேல் மூலையில், வலையின் பட்டை வரவேண்டிய அதே இடத்தில் குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

கட்டெறும்பு போலக் கறுத்த உடம்பு, நூல் மாதிரி இடுப்பு, மஞ்சள் கால்கள். கூடு ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கம்பிக்கு நடுவில் வெளியே பறந்துபோய், கொஞ்ச நேரத்தில் வாயில் ஒரு மண் உருண்டையோடு திரும்பி வந்து, ரீங்காரம் போட்டுக்கொண்டே அதை ஓரத்தில் வைத்துப் பூசியது. கொத்தனார் கையை விடச் சுத்தமான வேலை.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது. களிமண்ணில் கட்டினால் ஆண், செம்மண்ணில் கட்டினால் பெண். கட்டுகிற கூட்டைக் கலைக்கவே கூடாது. வெள்ளையடிக்க வருகிற ஆட்கள் கூட அதைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். நான் பட்டம் படித்தவள், முப்பது வருஷமாக அரசாங்க வேலை பார்ப்பவள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அன்று ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அது என்ன மண் என்றுதான் முதலில் பார்த்தேன். செம்மண்.

வீட்டில் ஐந்து ஜன்னல் இருக்க, அவர்கள் படுக்கிற அறையைப் பார்த்து, அவர்கள் வருகிற அன்றைக்குப் பார்த்துக் கட்டுகிறதே என்று ஸ்டூலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பட்டி தேய்க்கிற தகட்டோடு உள்ளே வந்தார். தேரைக்கும் அணிலுக்கும் இரக்கப்பட்ட மனுஷன் கூட்டைப் பார்த்ததும், "இது இன்னா இங்க? பேத்துடலாம், வல ஒட்டணும்ல" என்று சொல்லிக்கொண்டே தகட்டை ஓங்கினார்.

"கைய வெச்சீங்கன்னா பாத்துக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. தகட்டைக் கீழே வைத்தார். அந்தப் பெண் கொசுவுக்குப் பயந்து வரவில்லை என்று சொல்லித்தானே இத்தனை வலையும் வாங்கினாய், இந்த அறைக்கு மட்டும் வலை இல்லையென்றால் எப்படி என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. வலை போட்டுவிட்டால் குளவி எப்படி வந்து போகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். ராத்திரிக்கு ஜன்னல் கதவையாவது மூடலாம் என்றால், அது மழையில் ஊதிப்போய் இரண்டு வருஷமாக மூடவில்லை. இழைத்துத் தருகிறேன் என்று அவர் சொல்லியும் அதே இரண்டு வருஷம் ஆகிறது. அதைக் குத்திக் காட்டியதும் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

தயாராக இருந்த வலையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒரு புடவைத் துண்டைத் திரையாகக் கட்டி, மேல் மூலை கண்ணில் படாதபடி இழுத்துவிட்டேன். கொசுவத்திச் சுருள் இரண்டு எடுத்து வைத்தேன். அவர்களுக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் இங்கே படுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் கூடு இருக்கிற அறையில் அவள்தான் படுக்க வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி பிடிவாதமாக நின்றாள். அந்த ஒருத்தியை நான் அன்றைக்கு அடக்கவில்லை.

மூன்று மணிப் பேருந்தில் இருவரும் வந்து இறங்கினார்கள். மருமகள் கொஞ்சம் இளைத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவள் திருக்கோவிலூர்ப் பெண். சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கைவேலையில் கெட்டிக்காரி. வந்ததும் வராததுமாகக் கூடத்து வலையைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். நான் பூரித்துப்போனேன். வடக்கு அறைக்குள் பையை வைத்தவள், இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். வலை பத்தவில்லை, கடைக்காரன் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். பாவம் அந்தக் கடைக்காரர்.

சாயங்காலம் முழுக்க அவள் தோட்டத்தில்தான் இருந்தாள். தேரை விவகாரத்தை மாமனார் சொல்லக் கேட்டுச் சிரித்தவள், குழாயைக் கழற்றி, வாஷரை மாற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, ஒழுகாமல் முடுக்கினாள். பிறகு ஒரு உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, தேரைக்கு இது போதும் என்றாள். காலையிலிருந்து எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த சண்டை அரைமணி நேரத்தில் தீர்ந்தது. கொய்யா இலை இரண்டைச் சேர்த்துத் தைத்து தையல்சிட்டு கூடு வைத்திருப்பதை வீட்டுக்காரர் காட்டினார். வேலியோரம் கீரி ஒன்று குட்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனது. அவள் குழந்தை மாதிரி கையைத் தட்டிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் குட்டியும் குஞ்சுமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. ராத்திரி இட்லியும் கறிக்குழம்பும் நன்றாகச் சாப்பிட்டாள். பாதி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீயை எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனேன். மகன் பல் துலக்கப் போயிருந்தான். மருமகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கழுத்திலும் தடித்தடிப்பாகக் கொசுக்கடி. பக்கத்தில், நான் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்த வலை பிரித்துக் கிடந்தது. திரை ஒருபக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. குளவி அந்நேரத்துக்கே வேலையைத் தொடங்கிவிட்டது. பச்சைப் புழு ஒன்றைக் கொண்டுவந்து கூட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அவளே எழுந்து வாங்கிக்கொண்டாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் கோபப்படவில்லை.

"கொளவிக்காகத்தான வல போடல அத்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கம்மா வூட்லயும் கட்டுச்சு. மூணு வருஷம் ஆவுது. எங்கம்மா அந்தச் செவுத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்காம வுட்டாங்க. ஒவ்வொரு வாட்டி போவும்போதும் நான் மொதல்ல அதத்தான் பாப்பேன். அது எப்பவோ ஓட்ட போட்டுக்கினு பறந்து போயிடுச்சு. நான்தான் அந்த வெறுங்கூட்டப் பாத்துக்கினே இருந்தேன்."

டீயைக் கொஞ்சம் குடித்தாள். பிறகு, எங்கேயோ பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள் போல, நிதானமாகச் சொன்னாள்:

"நாங்க நிறுத்திட்டோம் அத்த. தையிலேர்ந்து ஊசி இல்ல, மாத்திர இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. என்னால முடியல. இப்ப நல்லாத்தான் இருக்கோம். அவரு ஒங்ககிட்ட சொல்ல பயந்துகினு கொசுவச் சொல்லிக்கினு கெடக்குறாரு. அதான் நானே வந்தேன்."

சரிம்மா என்றேன். என் தலையில் கணக்கு ஓடியது. தை, மாசி, பங்குனி என்று ஏழு மாதமாக அவர்கள் இந்த முடிவோடு இருந்திருக்கிறார்கள். நான் ஏழு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். மகன் வேப்பங்குச்சியோடு தொட்டியருகில் நின்றிருந்தான். முப்பத்துநான்கு வயது ஆள், கார் கம்பெனியில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவன், ஒரு விஷயத்தைப் பெற்றவளிடம் சொல்லப் பெண்டாட்டியை அனுப்பியிருக்கிறான் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை என்றான். கஷ்டமாகத்தான் இருக்கும், அதற்காக அவள் ஒருத்தியே சுமக்க வேண்டுமா என்று கேட்டேன். கேட்டபிறகுதான், மடியில் குழந்தையைப் போட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னல் கம்பியைத் துரு போகத் தேய்த்தேன். பெயிண்ட் அடிக்க அவ்வளவு தேய்க்கத் தேவையில்லை.

எனக்குப் பேரப்பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் போனில் பேரன் பேத்தி படம் காட்டும்போது எனக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது. அந்த ஆசையைக் காலை ஏழு மணிக்கு எடுத்துத் தூர எறி என்றால் எறிந்துவிட முடியாது. ஆனால் அது என் ஆசை. அதற்காகக் கொசு கடித்துத் தடித்தது அவளுடைய கை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஜன்னல் கம்பிகளைத் தேய்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நட்டுவைத்தார். "அதுங்களுக்கு வேணாம்னா நமக்கும் வேணாம்" என்றார். வேணாம் என்று இல்லை, முடியவில்லை என்று நான் திருத்தினேன். சரி, அப்படியென்றாலும் அதேதான் என்றார்.

திரும்பி வடக்கு அறைக்குப் போனேன். கையில் அந்தத் தகடு இருந்தது. கூட்டைப் பெயர்த்துவிட்டு வலையை ஒட்டிவிடுவது, அதோடு இந்த வீட்டில் இந்தப் பேச்சு ஒழிந்தது என்று முடிவு செய்திருந்தேன். மருமகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று கூட்டைக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அதோட புள்ளைக்குக் கட்டுது அத்த. நமக்குக் கட்டல. அது பாட்டுக்கு இருக்கட்டும், வுடுங்க."

அப்படியானால் வலை? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சட்டத்தில் ஒட்டாமல், அதைச் சுற்றிச் சுவரில் ஒரு சாண் தள்ளி, ஓட்டுக்குப் போடும் மெல்லிய மரரீப்பரால் வேறொரு சட்டம் அடித்து, அதில் வலையைக் கட்டினால் கூடு வலைக்கு அந்தப்பக்கம் போய்விடும். குளவி ஜன்னல் வழியாக வந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். நமக்கு இந்தப்பக்கம் கொசு வராது. முப்பது வருஷம் கோப்பு பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

மாட்டுக்கொட்டகையில் போன வருஷம் மிஞ்சிய ரீப்பர் கிடந்தது. மகன் அறுத்தான். அவள் அளவு குறித்தாள். நான் சுவரில் துளை போட்டேன். வீட்டுக்காரர் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார், இடையிடையே குளவி எத்தனை நடை போகிறது என்று எண்ணிச் சொன்னார். அந்த ஜன்னலுக்கு வெட்டியிருந்த வலை அளவு பத்தாததால், மீதமிருந்த துண்டுகளைச் சேர்த்து மிஷினில் தைத்தேன். தையல் தெரியத்தான் செய்தது. பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. துளை போட்ட அதிர்வில் குளவி ஒருமுறை கோபமாக என் தலையைச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கு அந்த உரிமை உண்டு. மிச்ச நேரத்தில் மகனை விட்டு அந்த ஊதிப்போன கதவையும் இழைக்க வைத்தேன். பத்து நிமிஷ வேலை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் என் நாத்தனார் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வீட்டுக்காரருக்கு அக்கா. மனசில் கள்ளம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது. மருமகள் வந்திருப்பது தெரிந்து அதிரசம் செய்து கொண்டுவந்திருந்தார். புது வலையைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு அறையாகப் போனவர் வடக்கு அறையில் நின்றார். அங்கிருந்தே கூப்பிட்டார். மருமகள் போனாள், பின்னால் நானும் போனேன்.

"கொளவி கட்டிக்கினு இருக்குது பாரும்மா. அதுவும் செம்மண்ணுல. பொண்ணுதான்" என்று சொல்லி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

மருமகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன புரட்டாசியில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தபோதும் அதைத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதை நான் சந்தோஷம் என்று நினைத்துவிட்டேன்.

நாத்தனாரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. வயதில் மூத்தவர், எனக்குப் பிரசவம் பார்த்தவர். அன்றைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.

"அது கொளவிக்குப் பொறக்கப்போற புள்ளைங்க அண்ணி. இதுங்களுக்கு அந்தப் பேச்சு வேணாம். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, எனக்கு அது போதும். இனிமே இவள யாரும் எதுவும் கேக்கக்கூடாது. கேக்கணும்னா என்னக் கேக்கட்டும்."

நாத்தனார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கட்டிலில் உட்கார்ந்து மருமகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அதிரசம் பிட்டு அவள் வாயில் ஊட்டினார். கையில் இருக்கிற தடிப்பெல்லாம் என்ன என்று கேட்டார். கொசு என்றாள் மருமகள். இத்தனை வலை இருந்துமா என்று அவர் கேட்க, அவள் என்னைப் பார்த்தாள். கடைக்காரன் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று நான் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐந்து மணிப் பேருந்துக்கு எல்லோரும் சாலைக்கு வந்தோம். கொய்யா, முருங்கைக்கீரை, மிச்ச அதிரசம் எல்லாம் இரண்டு பையில் கட்டிக் கொடுத்திருந்தேன். பேருந்து வந்ததும் மகன் பைகளோடு முன்னால் ஏறினான். அவள் ஒரு காலைப் படியில் வைத்தவள், இறங்கி வந்து, "ஆயுத பூசைக்கு மூணு நாள் லீவு அத்த, நாங்க இங்க வரோம்" என்றாள். நடத்துநர் அவசரப்படுத்தினார். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பேருந்து கரும்புக்கு அந்தப்பக்கம் மறையும்வரை நான் நன்றாகத்தான் நின்றிருந்தேன். திரும்பி நடக்கும்போது அழுகை வந்தது. சாலை என்றும் பார்க்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் கூடவே நடந்தார். கதவைத் திறக்கும்போதுதான், அவள் வருகிறேன் என்று சொன்னதற்கா அழுகிறாய், இல்லை அதற்கா என்று கேட்டார்.

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.